கடிகாரத்திற்கும் ஜாதியா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் திண்டுக்கல் பஸ் நிலையத்திற்குச் சமீபத்தில், ஒரு கடிகார ரிப்பேர்க்காரரின் கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்று கொண்டிருந்தோம். நம்முடைய கடிகாரத்திற்கு செல் மாற்ற வேண்டியிருந்தது. ரிப்பேர்க்காரர் எழுபதை நெருங்குகிறவர். ஐம்பது வருஷமாகக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு அதே தொழிலைச் செய்து வருகின்றவர். அச்சமயம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வை வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர் வந்தார். கோவில் விபூதியைக் கொண்டுவருகின்ற மாதிரி கைக்குட்டையில் மடித்து ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"அய்யா, இது அறுபதாம் வருஷத்து ஸ்விஸ் வாட்ச். ஒரு தடவைகூட பாலிஷ் போடாதது. சர்வீஸ் மட்டும் பண்ணிக் குடுங்க. கீறல் விழுந்துறாமப் பாத்துக்கங்க" என்றார்.

பெரியவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, எம்புட்டுக்கு வாங்குனீக?" என்று கேட்டார்.

"ஒரு லட்சத்துப் பத்தாயிரம்."

"உள்ள இருக்கறது நம்ம பெங்களூரு எச்.எம்.டி. மிஷினு தம்பி. டயல்ல பெயிண்ட் அடிச்சு ஸ்விஸ்காரன் பேர அச்சுப் போட்டுருக்கான். கேஸு வேற ஏதோ ஒண்ணோடது. ஆனா மிஷினு நல்ல மிஷினு. எண்ணெய் போட்டுக் குடுத்தா இன்னும் முப்பது வருஷம் ஓடும். பேரு மட்டுந்தான் பொய்."

வாலிபர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நாம் டீ வாங்கிக் கொடுத்து விசாரித்ததில், மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து, வடநாட்டில் யாரோ ஒருவனிடம் கைபேசியில் படம் மட்டும் பார்த்து வாங்கியதென்றும், விற்றவன் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை என்றும், இப்போது அவன் போனை எடுப்பதில்லை என்றும் சொன்னார். வீட்டில் சங்கிலி சங்கதியே தெரியாதாம்.

தோழர்களே! இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். அந்தக் கடிகாரம் பெரியவர் மூடியைத் திறப்பதற்கு முன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூடிய பின்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாமே நம் கைபேசியை வைத்து ஒத்துப் பார்த்தோம். அரை நிமிஷம்கூட வித்தியாசமில்லை. முள் அதே முள், சத்தம் அதே சத்தம். அப்படியிருக்க, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் இரண்டு நிமிஷத்தில் எங்கே போயிற்று? அதன் வேலையில் குறைவு ஏற்பட்டதா? இல்லை. அதன் பிறப்பில் குறைவு கண்டுபிடிக்கப்பட்டது. ஜினீவாவில் பிறந்தது என்று எண்ணியிருந்தது பெங்களூரில் பிறந்தது என்று தெரிந்துவிட்டது. அவ்வளவுதான்! மனுஷனுக்கு நாட்டில் நடக்கின்ற அதே அக்கிரமம் இப்போது கடிகாரத்திற்கும் வந்துவிட்டதென்றால், இதைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் இருக்க நம்மால் முடியவில்லை.

கிராமத்துத் தோழர்களுக்காக முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகின்றோம். பணக்காரர்களுக்குள்ளும், பணக்காரர்களைப் போல் ஆகவேண்டும் என்று ஆசைப்படுகின்ற சம்பளக்காரர்களுக்குள்ளும் சில வருஷங்களாகப் பழைய கைக்கடிகாரம் சேர்க்கும் மோகம் பிடித்திருக்கின்றது. ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தியதானால் அதற்கு 'வின்டேஜ்' என்று பெயர். 1980க்கு மேல் 2000 வரையில் வந்தவற்றிற்கு 'நியோ வின்டேஜ்' என்று ஒரு பெயர் வைத்திருக்கின்றார்கள். தமிழில் சொன்னால் புதுப் பழசு. பழசு போதாமல் போனதும் புதுப் பழசைக் கண்டுபிடித்தார்கள் போலும். பழைய அவதாரங்கள் தீர்ந்தவுடன் புதுச் சாமியார்கள் முளைக்கவில்லையா, அதைப் போல.

கடிகாரத்தின் மேல் நமக்கு விரோதம் ஏதும் கிடையாது. சொல்லப்போனால், மனுஷன் செய்த கருவிகளுக்குள் நாம் மிகவும் மதிக்கத்தக்கதாகக் கருதுவது கடிகாரத்தைத்தான். அது வருவதற்கு முன் நம் நாட்டில் நேரம் யாரிடம் இருந்தது? பஞ்சாங்கம் வைத்திருந்தவரிடம் இருந்தது. 24 நிமிஷம் கொண்ட நாழிகையை அவர் கணக்கிட்டுச் சொன்னால்தான் ஊருக்கு நேரம். இது நல்ல நேரம், இது கெட்ட நேரம் என்பதும் அவர் வாயில்தான். பிறகு ரயில் வந்தது. 1906-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து இந்திய நாட்டிற்கெல்லாம் ஒரே நேரம் என்று ஏற்பட்டது. ரயில் எந்த ஜாதிக்காரனுக்காகவும் நிற்காது. ராகுகாலம் பார்த்துப் புறப்படாது. ஐந்து மணி என்றால் பண்ணையாருக்கும் ஐந்து, பண்ணையாளுக்கும் ஐந்து. இந்தச் சமத்துவம் நம் நாட்டில் வேறெந்தச் சாஸ்திரத்தில் இருந்தது?

நம் தகப்பனார் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் கூலி வேலை செய்தவர். அங்கே வாசலில் ஒரு பெரிய கடிகாரம் தொங்கும். காலையில் அது ஒழுங்காக ஓடும். சாயங்காலமானால் அதற்கு எப்படியோ சோம்பல் வந்துவிடும். மேஸ்திரி ஐந்து மணி என்று சொல்லும்போது பள்ளிவாசல் பாங்கு சொல்லி முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். 1978-ம் வருஷத்தில் தகப்பனார் தவணையில் ஒரு எச்.எம்.டி. ஜனதா வாங்கினார். அதைக் கட்டிக்கொண்டு போன முதல் வாரமே, மேஸ்திரியிடம் கையை நீட்டி, "பாருங்க, அஞ்சே கால்" என்றாராம். அதற்காக மூன்று நாள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். ஆனால் அடுத்த வருஷத்திற்குள் அந்த ஷாப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் கடிகாரம் ஏறிவிட்டதாம். வாசல் கடிகாரத்திற்குச் சோம்பலும் தெளிந்துவிட்டதாம்.

இது நம் ஊருக்கு மாத்திரம் உள்ள கதையல்ல. 19-ம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து தேசத்து டண்டீ நகரத்தில் சிறுவனாக ஆலை வேலை செய்த ஒருவர் எழுதி வைத்திருக்கின்றார்: ஆலைக் கடிகாரங்களை முதலாளிகள் காலையில் முன்னே தள்ளுவதும் இரவில் பின்னே இழுப்பதும் வழக்கமாம், தொழிலாளி கடிகாரம் கொண்டு வரவே பயப்படுவானாம், நேரம் நன்றாகத் தெரிந்தவனை வேலையை விட்டு நீக்குவதும் சகஜமாம். ஏழையின் கையில் கடிகாரம் என்றால் அதற்கு அர்த்தம் அது. முதலாளி சொல்லும் நேரத்தையும், புரோகிதர் சொல்லும் நேரத்தையும் நம்பாமல், தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும் சக்தி அது. அதற்காகத்தான் 1961-ம் வருஷத்தில் ஜப்பான் தேசத்து சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு பெங்களூரில் சர்க்கார் தொழிற்சாலையாக எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. 'ஜனதா' என்று பெயர் வைத்ததற்கும் அதுதான் பொருள், ஜனங்களுடையது. கண் தெரியாதவர்கள் விரலால் தடவி நேரம் அறியும்படியான கடிகாரத்தைக்கூட அந்தத் தொழிற்சாலை செய்தது. நம்மைக் கேட்டால், உலகத்துக் கடிகாரங்களுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டத்தக்கது ஒன்று உண்டென்றால் அதைத்தான் வைக்க வேண்டும் என்போம். 2016-ம் வருஷம் ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்தக் கடிகாரக் கம்பெனியை மூடுவதென்று முடிவு செய்தது. மூடிய பிறகு, இப்போது சேகரிப்புக்காரர்கள் அதற்கும் விலை ஏற்றிக்கொண்டிருக்கின்றார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு வேளைக் கஞ்சி ஊற்றாதவன் செத்த பிறகு திதி கொடுக்கின்ற மாதிரி!

நிற்க, இந்தக் கடிகார ஜாதி எப்படி உண்டாயிற்று என்று பார்ப்போம். 1969-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி ஜப்பானில் செய்கோ கம்பெனி, செல் போட்டு ஓடும் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி கொடுக்கின்ற நல்ல கடிகாரத்தில் பேலன்ஸ் சக்கரம் ஒரு வினாடியில் எட்டுத் தடவை ஆடும். குவார்ட்ஸ் கல் துண்டு ஒரு வினாடியில் 32,768 தடவை துடிக்கும். ஆகவே ஸ்விட்சர்லாந்தில் பரீட்சை வைத்துச் சான்று கொடுக்கப்படும் உயர்ந்த சாவிக் கடிகாரமே ஒரு நாளைக்கு நாலு வினாடி பிந்தலாம், ஆறு வினாடி முந்தலாம் என்று சலுகை பெற்றிருக்க, சாதாரணச் செல் கடிகாரம் ஒரு மாதத்திற்கே பதினைந்து வினாடிக்கு மேல் பிசகாது. முதலில் வந்த செய்கோ ஒரு மோட்டார் கார் விலைக்கு விற்றது உண்மைதான். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்திற்குள் அது கூலிக்காரன் கைக்கு வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டிலேயே சர்க்காரின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டாவும் சேர்ந்து 1984-ம் வருஷத்தில் ஆரம்பித்த டைட்டன் கம்பெனி, ஓசூரிலிருந்து அதைச் செய்து அனுப்பிற்று.

ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் கதி என்னவாயிற்று? 1970ல் கடிகாரத் தொழிலில் ஏறக்குறைய 90,000 பேர் இருந்த அந்த நாட்டில், 1980களின் நடுவில் சுமார் 30,000 பேர்தான் மிச்சம். வேலை இழந்த தொழிலாளிகளுக்காக நாம் வருந்துகின்றோம். ஆனால் மிச்சமிருந்த முதலாளிகள் செய்த காரியத்தைப் பாருங்கள். நேரம் காட்டுவதில் இனி ஜெயிக்க முடியாது என்று தெரிந்தது. உடனே, நேரம் காட்டுவது பெரிதல்ல, எவனுக்குப் பிறந்தது என்பதுதான் பெரிது என்று ஒரு புதுச் சாஸ்திரம் எழுதிவிட்டார்கள். வேலையில் தோற்றவன் குலத்தைப் பேச ஆரம்பிப்பது நமக்குப் பழக்கமான சங்கதிதானே! செல் கடிகாரம் கீழ்ஜாதி. சாவிக் கடிகாரம் மேல்ஜாதி. மேல்ஜாதிக்குள்ளும், தன் ஆலையிலேயே இயந்திரம் செய்தவன் ஒரு கோத்திரம், வெளியில் வாங்கிப் போட்டவன் அதற்குக் கீழ்க் கோத்திரம். இந்தக் கோத்திரத்தார் முன்னிலையில், சரியாக நேரம் காட்டுகின்ற ஐந்நூறு ரூபாய்க் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனால் பந்தியில் இடம் கிடைக்காது.

ஆசாரமும் உண்டு. பழைய கடிகாரத்தைத் துடைக்கக் கூடாது, பாலிஷ் போடக் கூடாது, தொட்டால் தீட்டு. வெயிலில் காய்ந்து டயல் கறுப்பு மாறிப் பழுப்பு நிறமானால், நம் வீட்டில் அதைப் பாழாய்ப் போயிற்று என்போம். சேகரிப்புக்காரன் அதற்கு ஒரு விசேஷப் பெயர் வைத்து இரண்டு பங்கு விலை கொடுக்கின்றான். புதுக் கடிகாரம் வாங்கப் போனாலோ, சில பெரிய கம்பெனிக் கடைகளில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் கிடைக்காது. பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் அதே கடையில் வேறு சாமான்கள் வாங்கி விசுவாசத்தைக் காட்டினால் சீக்கிரம் கிடைக்குமாம். தர்ம தரிசனத்திற்கும் சிறப்பு தரிசனத்திற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நம் ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆசாரத்தின் யோக்கியதையை ஓர் உதாரணத்தில் காட்டுகின்றோம். 2021-ம் வருஷம் நவம்பரில் ஜினீவா நகரத்தில், 1957-ம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று ஏலத்திற்கு வந்தது. மேலே சொன்ன பழுப்பு டயல். 31 லட்சம் ஸ்விஸ் பிராங்குக்கு மேல் போயிற்று. எடுத்தது யார்? ஒமேகா கம்பெனியின் சொந்த மியூசியமே. 2023ல் என்ன வெளியாயிற்று தெரியுமா? அது பல கடிகாரங்களிலிருந்து பாகங்களை எடுத்து ஒன்றாகப் பூட்டிய போலி என்றும், கம்பெனியில் முன்பு வேலை பார்த்த மூவருக்கு அதில் சம்பந்தம் உண்டென்றும் அந்தக் கம்பெனியே சொல்லிற்று. செய்தவனுக்கே தன் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை, மற்றவன் கண்டுபிடித்துவிடுவானாம்! ஜினீவாவில் நிபுணர்களும் பூதக்கண்ணாடிகளும் புத்தகங்களும் கூடியிருந்தும் ஏமாந்த இடத்தில், வேடசந்தூர் வாலிபர் கைபேசிப் படத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பாரா? பம்பாய்ப் பக்கம் பழைய இயந்திரத்திற்குப் புது டயல் அடித்து விற்பது ஒரு குடிசைத் தொழிலாகவே இருந்து வருகின்றதென்பது கடிகாரக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பெயிண்ட் அடிப்பவன் பிழைப்புக்காகச் செய்கின்றான். பேருக்குத்தான் விலை என்று கற்றுக்கொடுத்தவன் யார்? பேரை எழுதத் தெரிந்தவன் அதை எழுதி விற்கின்றான்.

அடுத்தது ஸ்தல புராணம். ஒரு கடிகாரத்தை யார் கட்டியிருந்தார், எந்தச் சண்டைக்குப் போயிற்று, எந்த மலையில் ஏறிற்று என்று ஒரு கதை இருந்துவிட்டால் விலை நூறு மடங்கு ஆயிரம் மடங்கு. அமெரிக்காவில் பால் நியூமன் என்ற சினிமா நடிகருக்கு அவர் மனைவி ஒரு ரோலக்ஸ் டேட்டோனா வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அது சில நூறு டாலர் சாமான். 2017-ம் வருஷம் அக்டோபரில் நியூயார்க்கில் அது ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அப்போதைய கணக்கில் நம் பணம் சுமார் 115 கோடி. அதே ஆலையில் அதே நாளில் அதே கையால் செய்யப்பட்ட இன்னொரு கடிகாரத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் ஒரு நடிகரின் வியர்வை பட்டிருக்கின்றது. சாமியார் பாதுகையைத் தலையில் வைத்துக்கொள்ளுகின்ற நம் பாமர ஜனங்களைப் பார்த்துச் சிரிக்கின்ற வெள்ளைக்காரர் செய்கின்ற காரியம் இது.

நம்மவர் மாத்திரம் குறைந்தவர்களா? காந்தியார் இடுப்பில் தொங்கவிட்டிருந்த ஸெனித் பாக்கெட் கடிகாரமும், அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டும் 2009-ம் வருஷம் மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம் விடப்பட்டன. 18 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தவர் சாராய முதலாளி விஜய் மல்லையா. கள்ளுக்கடை மறியல் செய்யச் சொன்னவரின் கடிகாரம் சாராயப் பணத்தால் 'மீட்கப்பட்டது', நாடே கைதட்டிற்று. ஏழு வருஷம் கழித்து மீட்டவர் பாங்குக் கடனை வைத்துவிட்டு நாட்டைவிட்டே போய்விட்டார். காந்தியாரிடம் நமக்கு ஆயிரம் அபிப்பிராய பேதம் உண்டு; ஆனால் அவர் அந்தக் கடிகாரத்தை வைத்திருந்தது குறித்த நேரத்தில் காரியம் செய்வதற்காக என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள ஒரு காசும் வேண்டியதில்லை. அதை எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? நம் மந்திரிமார் கூட்டங்களுக்கு எத்தனை மணி தாமதித்து வருகின்றார்கள் என்பது மேடை கட்டுகின்ற தோழர்களுக்குத் தெரியும்.

மந்திரிமார் என்றதும் ஞாபகம் வருகின்றது. 2016ல் கர்நாடகத்து முதல் மந்திரி சித்தராமையா அவர்கள் கையில் இருந்த ஊப்லோ கடிகாரம் 70 லட்ச ரூபாய் பெறும் என்று எதிர்க்கட்சியார் கிளப்ப, அவர் அது சிநேகிதர் கொடுத்த பரிசு என்று சொல்லி, கடைசியில் சட்டசபை சபாநாயகரிடம் ஒப்படைக்கும்படி ஆயிற்று. 2022 டிசம்பரில் தமிழ்நாட்டில் அப்போது பா.ஜ.க. தலைவராயிருந்த அண்ணாமலை அவர்கள், ரஃபேல் விமானத்தின் பேரால் 500 மாத்திரமே செய்யப்பட்ட ஒரு கடிகாரத்தைக் கட்டியிருக்க, பில் எங்கே என்று மாதக்கணக்கில் சண்டை நடந்தது. ஒருவர் சமதர்மம் பேசுகிறவர். மற்றவர் தேசபக்தி பேசுகிறவர். இரண்டு இடத்திலும் ஜனங்கள் கேட்டது யார் பணம் என்பதை மாத்திரம். நேரம் பார்க்க இது எதற்கு என்று கேட்டவர் குறைவு.

இனி, இந்தப் பழைய டயல்களில் உள்ள ஒரு பயங்கரமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இருட்டில் பளபளக்கும் கடிகாரத்தை நம் பெரியவர்கள் 'ரேடியம் வாட்ச்' என்பார்கள். அது வெறும் பேரல்ல. 1960கள் வரையில் வந்த பல கடிகாரங்களில் நிஜமாகவே ரேடியம்தான் பூசப்பட்டது. அமெரிக்காவில் நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஆரஞ்சு என்ற ஊரில், முதல் உலக யுத்த காலம் தொட்டு, இளம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து டயலில் அதை எழுதினார்கள். எழுத்து மெல்லியதாக வர, பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. நாளைக்குப் பல தடவை ரேடியம் வாய்க்குள் போயிற்று. தாடை எலும்பு உளுத்து, பல் உதிர்ந்து, இரத்தம் கெட்டுப் பலர் செத்தார்கள். கம்பெனியார் அதற்கு வேறு வியாதியின் பேரைச் சொன்னார்கள். ஐந்து பெண்கள் வழக்காடி, 1928-ம் வருஷத்தில்தான் ஒரு சமரசம் ஏற்பட்டு நஷ்டஈடு வந்தது. அதை அனுபவிக்க அவர்களுக்கு ஆயுள் அதிகம் மிச்சமில்லை. இந்தப் பூச்சு மஞ்சளாகிப் பழுத்திருப்பதைத்தான் அழகு என்று சேகரிப்புக்காரன் அதிக விலை கொடுத்து வாங்குகின்றான்.

கொடுத்துவிட்டுப் போகட்டும், ஆபத்து யாருக்கு? ஒளி மங்கிவிட்டதே என்று எண்ணிவிடக் கூடாது. மங்கியது அதோடு கலந்த ஒளிரும் பொடி; ரேடியம் பாதியாய்க் குறையவே 1,600 வருஷம் ஆகும். வாங்கினவன் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்க்கின்றான். மூடியைத் திறந்து, முள்ளைக் கழற்றி, உதிர்ந்த தூளை ரப்பர் பந்தால் ஊதுகின்றவர் நம் பஸ் நிலையத்துப் பெரியவர். அந்தத் தூள் அவர் மூக்கில்தான் போகும். கடிகார வேலை செய்கின்ற தோழர்கள் இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: பழைய பளபளப்பு டயலைச் சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், அதே மேஜையில் டீயும் வடையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது வருஷத்தில் இதை ஒருவரும் தமக்குச் சொன்னதில்லை என்று அந்தப் பெரியவர் நம்மிடம் சொன்னார்.

இவ்வளவும் சொன்னால் சேகரிப்புக்காரர்கள் என்ன சமாதானம் சொல்லுகின்றார்கள்? கைத்தொழிலை மதிக்கின்றோம் என்கின்றார்கள். மிகவும் சரி. கைத்தொழிலை மதிப்பவர்கள் ஒரு நாள் திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் வந்து பார்க்கட்டும். இந்த ஊர்ப் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. தகட்டை வெட்டி, அரம் போட்டு ராவி, லீவரை ஒவ்வொன்றாகக் கையால் பொருத்தி, ஒரு பூட்டின் சாவி இன்னொரு பூட்டைத் திறக்காதபடி மாங்காய்ப் பூட்டுச் செய்கின்ற தொழிலாளி இன்னும் இருக்கின்றார். அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து அவர் தொழிலைத் தின்றுவிட்டது. அவர் பிள்ளை அந்தப் பட்டறையில் கால் வைப்பதில்லை. ஸ்விஸ் தொழிலாளியின் அரத்தில் தெய்வம் குடியிருப்பதாகச் சொல்லுகின்ற கனவான்கள், நம் பூட்டுத் தொழிலாளியிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கின்றோம். ஆகவே மதிக்கப்படுவது கைத்தொழிலல்ல; கையின் நிறமும் ஊரின் பேரும்தான்.

முதலீடு என்பது அடுத்த சமாதானம். நிலம், தங்கம் போல விலை ஏறுமாம். 2022 ஆரம்பம் வரையில் ரோலக்ஸ், படேக் பிலிப் விலைகள் பறந்ததும், அவற்றை உச்சியில் வாங்கினவர்கள் அந்த வருஷத்திற்குள்ளேயே விழுந்ததும் எல்லோரும் பார்த்ததுதான். அன்றியும், தங்கம் என்றால் திண்டுக்கல் கடைத்தெருவில் உரைத்துப் பார்த்து அரைமணி நேரத்தில் பணம் கொடுப்பான். பழைய கடிகாரத்தைக் கொண்டுபோனால் எந்த அடகுக்காரன் கை நீட்டுவான்? உரைத்துப் பார்க்கின்ற தங்கத்தைக் கொடுத்துவிட்டு, உரைத்துப் பார்க்க முடியாத பேரை வாங்கி வந்ததுதான் அந்த வாலிபர் செய்த முதலீடு. அதுவும் அவர் தங்கம் அல்ல, மனைவியின் தங்கம்.

"எங்கள் பணம், எங்கள் ஆசை, உமக்கென்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மையில் தன் பணமாகவே இருந்து, பெட்டியில் பூட்டிவைத்துத் தனியே பார்த்துச் சந்தோஷப்படுவதானால் நமக்கு ஆட்சேபணையில்லை. பல்சக்கரம் எப்படி ஓடுகின்றது, சுருள்வில் எப்படி விரிகின்றது என்று திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளுகிறவனை நாம் பாராட்டவும் தயார். தகப்பன் கடிகாரத்தைப் பிள்ளை வைத்திருப்பதும் மனுஷ இயற்கை. நம் தகப்பனாரின் ஜனதா இன்றைக்கும் நம் வீட்டுப் பீரோவில் இருக்கின்றது. போன வருஷம் ஒருவர் அதற்கு நல்ல விலை சொன்னார், கொடுக்கவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம். ஆனால் ஆசை பெட்டிக்குள் நிற்பதில்லையே! நம் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு மோதிரம், சைக்கிள், வாட்ச் என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த வாட்ச்சுக்காக எத்தனை சம்சாரிகள் நிலக்கடலைக் காட்டை ஒத்திக்கு வைத்தார்கள்! சைக்கிள் காராக மாறிவிட்டது. வாட்ச்சும் மாறிக்கொண்டிருக்கின்றது. சென்ற தை மாதம் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கல்யாணப் பேச்சில் "செல் வாட்ச்செல்லாம் வேணாம், ஸ்விஸ்லயே ஒண்ணு போட்டுருங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதை நம் தோழர் ஒருவர் நேரில் கேட்டு வந்து சொன்னார். பெண்ணின் தகப்பனார் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடைக் கணக்கர். முகூர்த்தம் ராகுகாலம் இல்லாத நேரமாகப் பார்த்து வைக்கப்பட்டது. அந்த ஸ்விஸ் கடிகாரத்தில் பார்த்திருப்பார்கள் போலும்!

நம் நூற்பாலை வாலிபருக்கு வருவோம். அன்று சாயங்காலம் அவரிடம் நாம், "தம்பி, பெரியவர் சொன்னபடி எண்ணெய் போட்டு வாங்கிக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்; எச்.எம்.டி. இயந்திரம் உங்களை ஏமாற்றாது, வீட்டில் போய் மனைவியிடம் உண்மையைச் சொல்லுங்கள்" என்றோம். அவர், "எச்.எம்.டி.யக் கட்டிக்கிட்டு மில்லுக்குப் போனா என்ன நெனப்பாங்கண்ணே?" என்று கேட்டார். அந்த மில்லில் 'என்ன நினைப்பார்கள்' என்று அவர் பயப்படுகின்றவர்களின் தகப்பன்மார்களும் நம் தகப்பனாரைப் போல எச்.எம்.டி. கட்டினவர்களாகத்தான் இருப்பார்கள். மனைவியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. சர்வீஸுக்குப் பெரியவர் ஐந்நூறு ரூபாய் கேட்டார். அது அதிகம் என்று சொல்லி நானூறு கொடுத்தார்.

கடிகாரம் சேர்க்கும் கனவான்கள் யாரேனும் இதற்குப் பதில் எழுதுவதானால் ஒரு வரியும் வெட்டாமல் வெளியிடுவோம். ஆனால் அந்த வாலிபரின் கடிகாரத்தில், பெரியவர் மூடியைத் திறந்த பிறகு என்ன குறைந்தது என்பதற்கு மாத்திரம் முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதை எழுத வேண்டுகின்றோம்.